மாரிமுத்து அண்ணனுக்கு ஒட்டிய கை

உதவி செய்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுச் செய்கிறவர்கள் ஒரு வகை. செய்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று கேட்கிறவர்கள் இன்னொரு வகை. இருபது வயதில் நான் இரண்டிலும் சேரவில்லை. கேட்காமலே செய்துவிட்டு, நன்றி வரும் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அதில் மலைநாட்டிலேயே என்னை மிஞ்ச ஆள் இருந்திருக்காது.

அப்பா தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சித்தப்பா ஹட்டன் டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்தார். நான் கண்டியில் ஒரு பெரிய ஸ்டூடியோவில் ஒரு வருடம் இருந்து, இருட்டறை வேலையும் டச்சிங் வேலையும் கற்றுக்கொண்டு அவரிடம் வந்து சேர்ந்தேன். டச்சிங் என்றால் நெகட்டிவின் மேல் பென்சிலாலும் கத்தி முனையாலும் செய்கிற வைத்தியம். அம்மைத் தழும்பை ஆற்றலாம். மூடிய கண்ணைத் திறக்கலாம். வழுக்கையில் முடி முளைக்க வைக்கலாம். டாக்டர்மாரால் ஆகாததெல்லாம் என்னால் ஆகும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. என்னிடம் படம் பிடித்துக்கொண்டு தழும்போடு திரும்பிப் போனவர் ஹட்டனில் ஒருவரும் இல்லை. (தழும்பை எடுக்கச் சொன்னார்களா என்று கேட்காதீர்கள். அது அப்போது எனக்குத் தோன்றாத கேள்வி.)

சித்தப்பா ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்க நுவரெலியாவுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, மாரிமுத்து அண்ணனும் அவருடைய அக்கா பாக்கியமும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். நோர்வூட் பக்கத் தோட்டம். அண்ணன் முன்பு தேயிலை ஸ்டோரில் (ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) கொழுந்து அரைக்கும் ரோலரில் வேலை செய்தவர். அந்த மெஷின் அவருடைய இடது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. பிறகு அதே ஸ்டோரின் கேட்டில் வாச்சர் வேலை கொடுத்தார்கள்.

அவர் எதற்காக வந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று அதைச் சொல்ல அவருக்கு நான் இடம் கொடுக்கவில்லை. அதற்கு முன் இரண்டு பெண் வீட்டார் அவருடைய வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார்கள். கை இல்லாததைத் தரகர் இரண்டு தடவையும் சொல்லாமல் விட்டிருக்கிறார். முதலில் வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்கள் தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை. மூன்றாவதாகப் பொகவந்தலாவையில் ராஜாத்தி என்ற பெண்ணை அதே தரகர் சொன்னபோது, அண்ணன் ஒரு முடிவு செய்திருந்தார். முதலில் படம் போகட்டும். படத்தில் கை தெரியட்டும். பார்த்துப் பிடித்தால் வரட்டும். அவ்வளவுதான் அவர் கேட்க வந்தது.

நான் முதலில் அவரைப் பார்த்தேன். பிறகு கையைப் பார்த்தேன். பிறகு அக்காவைப் பார்த்தேன். அதற்கப்புறம் அக்காவை மட்டுமே பார்த்தேன்.

"இவரு உக்காருவாரா, நிப்பாராக்கா?"

"ரெண்டுஞ் செய்வேங்க" என்றார் மாரிமுத்து அண்ணன்.

"கோட்டுப் போட்டா இவருக்குச் சிரமமா இருக்குமா?" இதுவும் அக்காவிடம்.

"குடுத்துப் பாருங்க, போட்டுக்கிறேன்" என்றார் மறுபடியும் அவரே.

நான் அவர் பக்கம் திரும்பி, ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடுவது போல, "அண்ணே! இந்தப்! பக்கம்! வாங்க!" என்றேன்.

"தங்கச்சி, கைதாங்க ஒண்ணு கொறைச்சல். காது ரெண்டும் நல்லா இருக்கு."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் கொஞ்சமும் தளரவில்லை. ஸ்டூடியோக் கோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு கையாலேயே பொத்தான்களைச் சரசரவென்று மாட்டிக்கொண்டே வந்தார். பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனது வரவில்லை. "விடுங்கண்ணே, நான் போடுறேன்" என்று பாய்ந்து போய் மீதியை மாட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். நான் மாட்டியதெல்லாம் ஒரு துளை தள்ளி இருந்தது. எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து மாட்டினார்.

எங்கள் ஸ்டூடியோவின் பின்திரையில் நுவரெலியா ஏரி வரைந்திருக்கும். (அதில் ஒரு கப்பலும் போகும். வரைந்தவர் கொழும்புக்காரர்.) அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு அண்ணனை உட்கார வைத்து, இடது பக்கத்தில் பெரிய பூந்தொட்டி ஒன்றை இழுத்து வைத்தேன். இலைகளுக்குள் கை மறைந்துபோனது. அவர் காலால் தொட்டியைக் கொஞ்சம் தள்ளினார். நான் திரும்ப இழுத்து வைத்தேன். மறுபடி தள்ளினார்.

"தங்கச்சி, இந்தக் கை வந்து..."

"கவலையே படாதீங்கண்ணே! தெரியவே தெரியாது!"

"அதில்லைங்க, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"நீங்க ஒண்ணுமே சொல்ல வேணாம். எனக்கு நல்லாப் புரியுது." (எனக்கு ஒன்றுமே புரியவில்லை.)

"இல்ல தங்கச்சி, போட்டோவுல..."

"பேசாம இருடா" என்று அக்கா அதட்டினார். "அவங்க கண்டியில போய்ப் படிச்சிட்டு வந்தவங்க. அவங்களுக்குத் தெரியாதா?"

கண்டி என்றதும் அவர் அடங்கிவிட்டார். நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, படம் விழுவதற்காக நீளக் குழாயில் மாட்டியிருக்கும் ரப்பர் குமிழை அமுக்கினேன். அமுக்கிய அதே நொடியில், மாரிமுத்து அண்ணன் இடது கையைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்து மடியில் போட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். சாமர்த்தியம். குமிழையே பார்த்துக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவில்லை. காரியம் முடிந்தது என்று அவர் சந்தோஷமாக எழுந்து கோட்டைக் கழற்றிக் கொடுத்தார்.

"தரகர் வந்து போட்டோவ வாங்கிக்குவாருங்க" என்றார். போகும்போது கதவை அவருக்காகத் திறந்துவிட ஓடினேன். அவர் அதற்குள் திறந்துவிட்டிருந்தார். கதவில் மோதிக்கொண்டது என் நெற்றி.

இருட்டறையில் நெகட்டிவைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் பார்த்தேன். படத்தின் நட்டநடுவில், தெளிவாக, அந்தக் கை. இப்போது சொல்கிறேன், அந்த ஸ்டூடியோவில் அதுவரை எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான். யாரும் சிரிக்கச் சொல்லாமல் ஒரு மனிதர் தானே சிரித்த படம். ஆனால் அன்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஐயோ, மனிதர் தெரியாமல் கையை நீட்டிவிட்டாரே! கல்யாணத்துக்குப் போகிற படமாயிற்றே!

பதறுவது என் பழக்கமில்லை. செய்ய வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். முதலில் ஒரு கை வேண்டும். இடது கை. கோட்டுக்குள் இருக்கிற கை. அக்கம்பக்கத்தில் யாரிடமாவது கேட்கலாம் என்றால், எதற்கு என்று கேட்பார்கள். ஆகவே நானே கோட்டை மாட்டிக்கொண்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை மடியில் வைத்து, வலது கையால் ரப்பர் குமிழை அமுக்கிக்கொண்டேன். அதை அளவு பார்த்து அச்சிட்டு, கையை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்து, அவருடைய படத்தில் ஒட்டி, ஓரங்களைத் தூரிகையால் மழுப்பி, அதை மறுபடி படம் பிடித்தால் ஒட்டு தெரியாது. ஒரே ஒரு இடம்தான் தொல்லை: மணிக்கட்டு. அங்கே கோடு விழும். அதற்காக முன்கூட்டியே ஸ்டூடியோ வாட்சை என் கையில் கட்டிக்கொண்டிருந்தேன். (ஓடாத வாட்ச். படத்தில் எந்த வாட்சும் ஓடாது.)

முடித்துப் பார்த்தபோது என் கண்ணே கலங்கியது. இவ்வளவு அழகாக ஒரு மனிதருக்குக் கையைத் திருப்பிக் கொடுக்க முடியுமென்றால், மெஷின் கண்டுபிடித்தவனெல்லாம் எந்த மூலைக்கு?

தரகர் குடையை இடுக்கிக்கொண்டு வந்தார். படத்தை உறையிலிருந்து எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா இந்த வழி எனக்குத் தோணாமப் போச்சே, தாயி" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் பாக்கியம் அக்காவிடமிருந்து ஆள் வந்தது. பொகவந்தலாவைக்காரர்களுக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். வீடு பார்க்க வருகிறார்களாம். எல்லாம் சரியாக வந்தால் அன்றே நிச்சயத் தட்டு மாற்றிக்கொள்வார்களாம். கேமராவோடு வர வேண்டுமாம். அண்ணனுக்குச் சந்தோஷத்தில் தூக்கமே இல்லையாம். (கையைப் பார்த்துவிட்டும் வருகிறார்களே என்ற சந்தோஷம் அது என்பது எனக்கு அப்போது தெரியாது.)

நான் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, ஃபிரேம் போட்டு, பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டேன். என்னுடைய அன்பளிப்பு. சித்தப்பாவிடம்கூடக் காட்டவில்லை. அங்கே வைத்து அவரையும் ஆச்சரியப்படுத்த எண்ணம்.

ஆச்சரியப்பட்டார்.

நோர்வூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு மலையேறி, நானும் சித்தப்பாவும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) போய்ச் சேர்ந்தோம். அண்ணன் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். முறுக்குத் தட்டு தயாராக இருந்தது. மாரிமுத்து அண்ணன் பேப்பரைப் பிரித்தார். பார்த்தார். ஃபிரேமைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது யாரு கை?"

"என்னோடதுண்ணே" என்றேன் பெருமையாக.

சித்தப்பா முக்காலியைத் தன் கால் மேலேயே போட்டுக்கொண்டார்.

"இதத்தான் அவங்களுக்கும் அனுப்புனீங்களா?"

"இதே படந்தாண்ணே. சைஸ் மட்டும் சின்னது."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "ரெண்டு வாட்டி வந்தவங்க எந்திரிச்சிப் போனாங்க தங்கச்சி. இன்னொரு வாட்டி என் வாசல்ல இருந்து யாரும் எந்திரிச்சிப் போகக் கூடாதுன்னுதான் ஒங்ககிட்ட வந்தேன்" என்றார். "கை தெரியிற மாதிரி எடுங்கன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பூந்தொட்டி புரிந்தது. அந்தச் சிரிப்பு புரிந்தது. காலடியில் இருந்த கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே வளைவில் நாய்கள் குரைத்தன. பொகவந்தலாவைக்காரர்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

இந்த நிலையில் வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். நான் யோசனை சொல்ல ஆரம்பித்தேன். ஒன்று, சால்வையால் மூடிக்கொள்ளலாம். இரண்டு, ஸ்டோரில் அவசர வேலை என்று அண்ணனைத் தேயிலை மலைக்குள் அனுப்பிவிடலாம். மூன்று, துணியால் கட்டுப் போட்டு, காலையில்தான் அடிபட்டது என்று சொல்லலாம்.

"காலையில அடிபட்டு மத்தியானமே கை போயிருச்சா?" என்று கேட்டார் பாக்கியம் அக்கா.

"போதும் தங்கச்சி" என்று எழுந்தார் அண்ணன். "நீங்க எனக்குச் செஞ்ச ஒதவியெல்லாம் போதும்." தலையைச் சீவிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வாசலில் போய் நின்றார்.

முன்னால் வந்தவர் ராஜாத்தியின் அப்பா முனியாண்டி. அவருக்குப் பின்னால் அவருடைய தங்கச்சி சிட்டம்மா, அதாவது பெண்ணின் அத்தை. கடைசியில் தரகர். முனியாண்டி கையில் அந்தப் படம். மாரிமுத்து அண்ணன் ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்து, "வாங்க மாமா" என்றார். முனியாண்டி அவரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

"வாட்ச்சு எங்க?" என்றார்.

(அவரைக் குறை சொல்ல முடியாது. வழியெல்லாம் அந்த வாட்சைப் பற்றித்தான் பேச்சாம்.)

"வாட்ச்ச விடுண்ணே" என்றார் சிட்டம்மா அத்தை. "வாட்ச்சு கட்டுன கையவே காணோம்!"

எல்லோரும் தரகரைத் திரும்பிப் பார்த்தோம். மழை இல்லை, வெயிலும் இல்லை. அவர் குடையை விரித்துக்கொண்டிருந்தார். "படத்துல உள்ளதத்தானே நான் சொன்னேன்?" என்று குடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

முனியாண்டியின் முகம் கறுத்தது. "நம்மள ஏமாத்தப் பாத்திருக்கானுங்க. வா புள்ள, போவோம்" என்று திரும்பினார். மாரிமுத்து அண்ணன் அவர்களைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றார். எழுந்து போகிறவர்களைப் பார்த்துப் பழகிய முகம்.

"ஐயா, நில்லுங்க!" என்று கத்தினேன். "அவரு ஏமாத்தல. அந்தக் கை என்னோடது. நான்தான் ஒட்டுனேன். அவருக்குத் தெரியாது."

"போட்டோவுல கைய ஒட்டுறதா? இதென்ன கிழிஞ்ச சாக்கா, ஒட்டுறதுக்கு?"

நான் இடது கையைப் படத்துக்குப் பக்கத்தில் அதே மாதிரி வைத்துக் காட்டினேன். என்னுடைய சுண்டு விரல் பிறந்ததிலிருந்தே உள்பக்கமாகக் கோணியிருக்கும். சிட்டம்மா அத்தை என் விரலைப் பிடித்து, கடைக்காரர் கருவாட்டைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"அட ஆமாண்ணே! கோண விரலு! இது பொட்டப்புள்ள கை! நான் அப்பவே சொல்லல, என்னடா மாப்பிள்ள கை வேலவெட்டி பாக்காத கையா இருக்குதேன்னு?"

முனியாண்டி திரும்பி வந்தார். இப்போது அவருக்கு வேறு கவலை. "அப்ப இதுல எதுதான் அந்தத் தம்பியோடது? மூக்கு?"

"மூக்கு அவரோடதுதாங்க."

"மீச?"

நான் பதில் சொல்லுமுன் சிட்டம்மா அத்தை எட்டி மாரிமுத்து அண்ணனின் மீசையை இழுத்துப் பார்த்தார். அண்ணன் "ஆ!" என்றார். "மீச சரிதாண்ணே" என்றார் அத்தை.

"கோட்டு?"

"கோட்டு ஸ்டூடியோவோடது."

"ஏரி?"

"அது திரை."

"காது?"

இங்கே நான் கொஞ்சம் தயங்கினேன். கேட்கிற இடத்தில் முழுவதையும் சொல்லிவிடுவது நல்லது. "காது... கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு இருந்திச்சிங்க. ரெண்டையும் லேசா உள்ள தள்ளுனேன். முன்னால கொஞ்சம் முடி வச்சேன். கன்னத்துல ஒரு தழும்ப எடுத்தேன். ஒரு பல்லு..."

"என் காதையுமா?" என்றார் மாரிமுத்து அண்ணன். கை போனதைவிட அதுதான் அவருக்கு அதிர்ச்சியாக இருந்தது போலும். சித்தப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

படத்தை இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதற்காக முனியாண்டி வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதை முதலில் கவனித்தவர் பாக்கியம் அக்கா. சத்தமில்லாமல் உள்ளே போய், தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் குடிக்கத் தொடங்கினார். அக்கா முறுக்குத் தட்டையும் மெல்ல நகர்த்தி வைத்தார்.

சிட்டம்மா அத்தை என்னையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. நேராக மாரிமுத்து அண்ணனிடம் கேட்டார்: "தம்பி, நீ சொல்லு. இந்தப் புள்ளகிட்ட நீ என்னதான் கேட்ட?"

அவர் வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எனக்கு ஒரு கை இல்லைங்க அத்த. அது தெரியிற மாதிரி ஒரு படம் வேணும்னு கேக்கத்தான் போனேன். ஒங்க வீட்டுப் பொண்ணு மொதல்ல அதப் பாக்கட்டும். பாத்துட்டுச் சம்மதம்னாத்தான் நீங்க இவ்வளவு தூரம் மலையேறி வரணும்னு நெனச்சேன்."

முனியாண்டி தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து உடைத்தார்.

"அப்ப அந்தப் படத்த இப்ப எடு" என்றார் அத்தை என்னிடம். "ராஜாத்தி பாத்துச் சொல்லட்டும். கட்டிக்கப் போறவ அவதானே."

தட்டு மாறவில்லை. ஆனால் யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் இல்லை. நான் முக்காலியை நிறுத்திவிட்டு, என் தொழிலில் முதன்முறையாக ஒரு கேள்வி கேட்டேன்: "எப்படி எடுக்கணும்ணே?" அவர் யோசித்தார். நீண்ட நேரம் யோசித்தார். என் நாக்கு நுனியில் எத்தனையோ யோசனைகள். எல்லாவற்றையும் விழுங்கினேன். வாசல் வெளிச்சத்தில், கோட்டு இல்லாமல், நின்றபடி, கை முன்னால் இருக்க எடுக்கச் சொன்னார். எடுத்தேன். நெகட்டிவில் பென்சில் வைக்கவில்லை. காதையும் தொடவில்லை.

படத்தைத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் சிட்டம்மா அத்தையோடு ஒரு பெண் ஸ்டூடியோவுக்குள் வந்தாள். இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல யாருக்கா நெசமாவே இருக்காரு?"

நான் வாசலில் எடுத்த படத்தைத் தொட்டேன்.

"அப்பச் சரி" என்றாள் ராஜாத்தி. "இவரப் பாத்தாக் கூப்பிட்ட கொரலுக்கு வருவாருன்னு தெரியுது. அந்தாளப் பாத்தா, ரெண்டு கையையும் மடியில வச்சிக்கிட்டுச் சோத்துக்கு ஒக்காந்திருக்க மாதிரி இருக்கு."

தை பிறந்ததும் கல்யாணம். சித்தப்பாதான் படம் எடுத்தார். என்னை முறுக்குத் தட்டுப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டார்.

இப்போது யார் ஸ்டூடியோவுக்கு வந்தாலும், எப்படி வேண்டும் என்று அவரையே கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். (கேட்பது சுலபம். மூடிக்கொள்வதுதான் இன்னும் பழகவில்லை.)

ஃபிரேம் போட்ட படத்தை ராஜாத்தி எறியவில்லை. காம்பராச் சுவரில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் யார் என்று கேட்டால், மாரிமுத்து அண்ணன் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "எங்க அண்ணன்" என்பார். "கோட்டு, வாட்ச்சு, ரெண்டு கை, எல்லாம் இருக்கு. ஒரு வேல செய்ய மாட்டான்." விறகு பிளக்க வேண்டியிருந்தால் ராஜாத்தி, "ஒங்க அண்ணன எறங்கி வரச் சொல்லுங்க" என்பாள். லயம் முழுக்க இந்தப் பேச்சுதான். யாராவது சோம்பி உட்கார்ந்திருந்தால், "என்ன, மாரிமுத்துவோட அண்ணன் மாதிரி ஒக்காந்திருக்க?" என்று கேட்கிறார்கள்.

போன மாதம் போயிருந்தபோது அவர்களுடைய சின்ன மகள் என் மடியில் ஏறி உட்கார்ந்து, சுவரைக் காட்டிக் கேட்டாள்:

"பெரியப்பாவ நீங்கதான் பெத்தீங்களாம். அப்பா சொன்னாரு. நெசமா?"

நான் மறுக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் எனக்கு இனி எதையும் மறுக்கும் உரிமை கிடையாது. கல்யாணமே ஆகாத எனக்கு, உட்கார்ந்து தின்கிற தடிப்பயல் ஒருவன் பிள்ளை. அந்தச் சின்னவள் அன்றிலிருந்து என்னைப் பாட்டி என்றுதான் கூப்பிடுகிறாள்.